மரியாதை தெரிந்த செல்கள்

“என் பேர எடுத்துடுங்க சார்.”

மூளைச் செல் ஆய்வு மையத்தின் பொன்னான வரலாற்றில் இப்படியொரு கோரிக்கை எழுந்ததே இல்லை. பெயரைச் சேர்க்கச் சொல்லி அழுதவர்கள் உண்டு. பெயரை ஒரு இடம் முன்னே தள்ளுவதற்காக இயக்குநரின் கார்க் கதவை ஒரு வருடம் திறந்துவிட்டவர்கள் உண்டு. மையத்தின் கட்டுரையில் பெயர் வருவது பிறவிப் பயன். காபி இயந்திரத்தைப் பழுது பார்த்தவரின் பெயர்கூட ஒருமுறை வந்திருக்கிறது. இயந்திரம் இயக்குநர் வீட்டுடையது.

கேட்டவள் ‘புதுப்பொண்ணு’. சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கே யாரும் அவ்வளவு சீக்கிரம் பழசாவதில்லை. ஒன்பதாவது வருடமாக முனைவர் பட்டத்தை ‘முடித்துக்கொண்டிருக்கும்’ பக்கத்து மேசை அண்ணன் முதல் நாளே அவளை எச்சரித்திருந்தார்.

“லீவு கேளு. புது நாற்காலி கேளு. தைரியமிருந்தா அவரு நாற்காலியையே கேளு. பேர எடுக்கச் சொல்லி மட்டும் வாயத் தொறந்துடாத. உள்ள ஏதோ தப்பிருக்குன்னு அர்த்தமாயிடும்.”

“தப்பு இருந்தாண்ணே?”

“இருந்துட்டுப் போவுது. அர்த்தம்தான் ஆகக்கூடாது.”

இயக்குநர் இருபது வருடங்களுக்கு முன் ஒரு மாபெரும் உண்மையைக் கண்டடைந்தார்: அவர் ஆராயும் மூளைச் செல்கள் ஒழுக்கமானவை. டிக், டிக், டிக் என்று சீராகத் துடிக்கும். அவசரப்படாது, இடைவெளி தவறாது. அவருடைய பதவி, வரவேற்பறையில் தொங்கும் அவர் படம், கட்டடத்தின் இரண்டாவது மாடி எல்லாம் அந்த ஒழுக்கத்தின் மேல்தான் நின்றன.

புதுப்பொண்ணு எலி மூளையை மெல்லிசாகச் சீவினாள். தலைமுடியைவிடச் சன்னமான கண்ணாடி முனையை ஒரு செல்லின்மேல் பொருத்தித் திரையைப் பார்த்தாள். செல்லை மின்னோட்டத்தால் கொஞ்ச நேரம் அமுக்கி வைத்திருந்து, பிறகு விட்டுப் பார்த்தால், அது டிக் என்று சொல்லவில்லை. படபடவென்று ஐந்தாறு துடிப்பைக் கொட்டிவிட்டுத்தான் அடங்கியது. செல்லின் சுவரிலுள்ள கால்சியம் சேனல் என்ற கதவின் வேலை அது. சும்மா இருக்கும்போது அந்தக் கதவு தாழிட்டுக் கிடக்கும். அமுக்க அமுக்கத் தாழ் விலகும். விட்டதும் கதவு திறந்து, கால்சியம் உள்ளே பாய்ந்து, செல் வெடித்துப் பேசும்.

அமுக்கினால் வெடிப்பது என்பது அந்த மையத்தில் யாரிடமும் காணப்படாத நடத்தை. ஆகவே அது இயற்கையாக இருக்க முடியாது என்று இயக்குநர் முடிவு செய்தார்.

“ஒயரு லூசா இருக்கு,” என்றார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். பிளக்கை மூன்று முறை மாற்றினார், எர்த் கம்பியை இழுத்துப் பார்த்தார், ஒரு மணி நேரம் மேசைக்கடியில் படுத்துக் கிடந்தார். “ஒயர்ல ஒண்ணுமில்ல பாப்பா. உள்ள இருக்கறது கத்துது, மிஷினு காட்டுது. அதுமேல என்ன கோவம்?” என்றார். இந்தக் கருத்து ‘தகுதியற்ற மூலத்திலிருந்து’ வந்ததாகப் பதிவேட்டில் குறிக்கப்பட்டது.

அவள் சேனலை அடைக்கும் மருந்தை ஊற்றினாள். வெடிப்பு நின்றது. மருந்தைக் கழுவிவிட்டாள். வெடிப்பு திரும்ப வந்தது.

“ஒயர்ல கோளாறுன்னா, மருந்து குடுத்தா குணமாகுமா சார்?”

இயக்குநர் ஆழ்ந்து சிந்தித்து, ‘துடிப்பு ஒழுங்குக் குழு’ ஒன்றை நிறுவினார். தலைவர் அவர். செயலாளர் அவர். கருத்து வேறுபாட்டுக்கும் இடம் வேண்டுமென்று அண்ணனையும் சேர்த்துக்கொண்டார். குழு ஒருமனதாகத் தீர்மானித்தது: முதல் துடிப்பை ஒட்டி வரும் ஏனைய துடிப்புகள் ‘எதிர்த்துப் பேசுதல்’ என்ற வகையில் அடங்கும், அவை நீக்கப்படும். அண்ணன் ஒரு வாரம் கணினி முன் உட்கார்ந்து, அவள் பதிவு செய்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு செல்களுக்கும் மரியாதை சொல்லிக்கொடுத்தார்.

கட்டுரை பத்திரிகைக்குப் போனது. முதல் பெயர், புதுப்பொண்ணுடையது.

அங்கேதான் வலித்தது. அவள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். குடும்பத்தின் பெயர் அதுவரை அச்சில் வந்தது கரண்டு பில்லில் மட்டும். லாரி ஓட்டும் அப்பா, கட்டுரையைச் சட்டம் போட்டு மாட்டுவதற்கென்று சுவர்க் காலண்டரைக் கழற்றி ஆணியைத் தயாராக வைத்திருந்தார். இன்று காலை அவருக்குப் போன் செய்தாள்.

“கால்சியம் சேனலு எந்த நம்பர்ல வருது கண்ணு? ரிமோட்ட அமுக்கி அமுக்கி வெரலு தேஞ்சுபோச்சு.”

“அது டிவி சேனல் இல்லப்பா. நான் பாத்தத அழிச்சுட்டு, கீழ என் பேரப் போட்டிருக்காங்க.”

“பேருல எழுத்துப்பிழை ஏதும் இல்லயே?”

“இல்ல.”

“அப்புறம் என்னம்மா? உள்ள இருக்கறத எவன் படிக்கப் போறான்? பேரத்தான் பாப்பாங்க.”

“அதனாலதாம்ப்பா எடுக்கச் சொல்லப் போறேன்.”

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் போட்டு லாரியை ஓரங்கட்டினார்.

“பட்டம் போயிடுமா?”

“இங்க கிடைக்காது.”

“சாப்பிட்டியா?” என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

அவள் போனைக் கீழே வைத்தாள். பிறகு பத்திரிகைக்கு ஒரு கடிதம் தட்டி அனுப்பிவிட்டு, நேரே இயக்குநர் அறைக்கு வந்தாள்.

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஓரமாக நின்ற அண்ணன், தூசியே இல்லாத மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“என்னம்மா இது, சின்னப்புள்ள மாதிரி? உன் பேர எடுத்தா பத்திரிகைக்காரங்க ஏன்னு கேப்பாங்களே. நான் என்னத்தச் சொல்ல?”

“கேக்க மாட்டாங்க சார். அழிக்காத பதிவு அத்தனையும் வெச்சு, காரணத்தையும் எழுதி இப்பத்தான் அனுப்பினேன். உங்ககிட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லிடலாம்னு வந்தேன்.”

அண்ணன் கையிலிருந்த துணி நின்றது. இயக்குநரின் காது மடல் சிவந்தது.

“உன் வாழ்க்கையில முதல் கண்டுபிடிப்பு இது! உங்க வீட்ல எவனாவது இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்திருப்பானா? தூக்கிக் கொடுத்தா, எட்டி உதைக்கிறியே!”

அவள் ஆய்வறைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“நான் கண்டது பூரா அழிஞ்சுபோச்சு சார். மிச்சமிருக்கறத உலகத்துல எந்தச் செல்லும் செஞ்சதில்ல, எவளும் கண்டதில்ல. அது முழுக்க நீங்களா கண்டுபிடிச்சது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்புல அடுத்தவ பேரு எதுக்கு?”

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.