துரையின் இங்கிலீஷும் ஒரு கரண்டிச் சத்தமும்

எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் கடைசி அநீதியின் கனம் உங்களுக்குத் தெரியும்.

முதல் அநீதி, லண்டன் பக்கத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேனேஜராக வந்த துரை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மழைக்கோட்டு கேட்டு மனுக் கொடுத்தேன். படித்துவிட்டு, "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றார். வெற்றி என்று அறிவித்து லயத்து வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தேன். அந்த ஊர் இங்கிலீஷில் அதற்கு "குப்பைக்கூடை எங்கே?" என்று பொருளாம். என் லட்டைப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டே தின்றார்கள்.

இரண்டாவது, ஆஸ்திரேலியா துரை. வந்த வாரமே என் முதுகில் தட்டி, "ஹவ் ஆர் யூ, யூ ஓல்ட் பாஸ்டர்ட்" என்றார். தொழிலாளி வர்க்கத்தின் பிறப்பையே இழிவுபடுத்திவிட்டான் என்று கொதித்தேன். தோட்டம் முழுக்க வேலைநிறுத்தம். லேபர் ஆபீசர் அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து மலையேறி வந்து சொன்னார்: "தலைவரே, அவங்க ஊர்ல அது கொஞ்சுற வார்த்தை." கொஞ்சலை எதிர்த்துப் போராட்டம் நடத்திய தலைவன் இந்த நாட்டிலேயே நான் ஒருவன்தான்.

மூன்றாவது, எழுபத்து நான்காம் வருஷம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். அவர் பேசினால் சரளைக்கல் ரோட்டில் லாரி ஏறுவது போலிருக்கும். ரகரம் ஒவ்வொன்றும் உருண்டு விழும். வழியில் மறித்து, "ஆயாக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது, குளிரில் பிள்ளைகள் இருமுகின்றன, புதுத் தகரம் வேண்டும்" என்று முழங்கினேன். "ஐ" என்றார். 'ஐ' என்றால் நான். சரி, நான் என்ன? மிச்ச வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். அவர் போயே விட்டார்.

ஆபீஸ் கணக்குப்பிள்ளையான கிராணி ரெங்கசாமியிடம் அர்த்தம் கேட்டிருக்கலாம். கேட்பேனா? கிராணி முதலாளியின் ஆள். அதோடு, என்னைத் தோட்டக் கமிட்டித் தலைவனாக வைத்திருந்ததே என் இங்கிலீஷ்தான். துண்டுப் பிரசுரம் படித்துக் கற்றது, லண்டன் ரேடியோவில் தீட்டியது. "எந்தத் துரை வந்தாலும் தலைவருக்குப் புரியும்" என்பது தோட்டத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கை போனால் நாற்காலியும் போகும்.

கூரையைப் பற்றிப் பேச மறுநாள் ஆபீசுக்கு வரச் சொல்லித் துரை ஆள் அனுப்பினார். அன்று மாலை ஒரு திட்டம் தீட்டினேன். என் மனைவி ருக்குமணிக்குத் துரை பங்களாவில் சமையல் வேலை.

"ருக்கு, துரை பேசுறது உனக்குப் புரியுதா?"

"புரியாம? காலையில எந்திரிச்சதுலருந்து நாய்கிட்டயே பேசிக்கிட்டு இருக்காரு. அதுக்கே புரியுது, எனக்குப் புரியாதா?"

"'ஐ'ன்னாரே, அது என்ன?"

"ஆமான்னு அர்த்தம்."

"லண்டன் ரேடியோவுல அப்படிச் சொல்றதில்லையே!"

"ரேடியோ என்ன அவருக்கு மாமனாரா? நம்ம லயத்துல சேலத்து வீட்டுக்காரங்களும் திருநெல்வேலி வீட்டுக்காரங்களும் ஒரே மாதிரியா பேசுறாங்க? அவங்கவங்க ஊர்ப் பேச்சு அவங்கவங்களுக்கு."

நான் குரலைத் தாழ்த்தினேன். "நாளைக்கு ஆபீசுக்கு டீ நீதானே கொண்டு வருவே? என் நாற்காலிக்குப் பின்னாடியே நில்லு. துரை சொல்றதுக்கு நான் ஒத்துக்கலாம்னா கரண்டியால கோப்பையில ஒரு தட்டு. கூடாதுன்னா ரெண்டு தட்டு."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"வரலாறு உன்னை மறக்காது."

"வரலாறு வந்து எனக்குத் தண்ணி தூக்குமா? கமிட்டியில ஒரு பொம்பளைய சேருங்க. கொழுந்து பறிக்கிறது நாங்க. பிள்ளைய அந்த ஒழுகுற கொட்டகையில விட்டுட்டுப் போறது நாங்க. கமிட்டியில உக்காந்து மீசைய முறுக்குறது மட்டும் நீங்க."

"பொறு. முதல்ல வர்க்க விடுதலை. பெண் விடுதலை அடுத்த கட்டம்."

"அது எப்போ வரும்?"

"சரித்திர நிலைமை கனியணும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கனிஞ்சிரும் லா" என்று இந்த ஊர்ப் பாணியில் இழுத்துச் சொல்லிவிட்டுச் சோற்றை வடிக்கப் போனாள்.

மறுநாள் ஆபீஸ். எதிரே துரை. பக்கத்தில் சாட்சிக்குக் கிராணி. பின்னால் டீத்தட்டோடு ருக்கு. துரை ஒரு லாரிச் சரளையை என் முன்னால் கொட்டினார். 'டங்.' ஒரு தட்டு.

"ஐ அக்ரீ, சார்!" என்றேன்.

மறுபடியும் சரளை. இந்தத் தடவை எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே பேசினார். 'டங்.'

"வித் பிளெஷர், சார்!"

கிராணி தலையை நிமிர்த்தினார். "தலைவரே, நிச்சயமாத்தானா?"

"என் இங்கிலீஷையா சந்தேகப்படுறீங்க, கிராணியாரே?"

"சேச்சே."

மூன்றாவதாகத் துரை மெதுவாக, உருக்கமாக ஏதோ கேட்டார். 'டங்.' எனக்கு உற்சாகம் பீறிட்டது. அவர் ஊர்ப் பேச்சிலேயே அடித்தேன்: "ஐ!"

துரை எழுந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஏகாதிபத்தியமே என் முன் உருகி நிற்கிறது என்று நினைத்தேன்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. கேட்காமலே ருக்கு இரண்டாம் தடவை ஊற்றினாள்.

"தகரம்?"

"கிடைச்சிருச்சுங்க. நாளைக்கு ரிங்லெட் டவுன்லருந்து லாரியில வருது."

"என்னைப் பத்தி என்ன சொன்னாரு?"

"இவ்வளவு பெருந்தன்மையான ஆம்பளைய அவங்க ஊர்லயே பார்த்ததில்லையாம்."

உண்மையைத்தான் சொன்னாள். அதுதான் அவளுடைய சாமர்த்தியம்.

விடியற்காலைப் பெரட்டு. பனியில் எல்லோரும் வரிசையாக நிற்க, யார் எந்த மலைக்கு என்று கிராணி பெயர் வாசிக்கும் நேரம். கமிட்டி விஷயங்களும் அங்கேதான் முடிவாகும். இருக்கிற தலைவர் ஒருவரை முன்மொழிந்திருந்தால் கிராணி பெயரை வாசிப்பார். யாரும் மறுத்துக் கை தூக்காவிட்டால் அதுவே முடிவு.

கிராணி தொண்டையைக் கனைத்தார். "நேத்து துரை மூணு விஷயம் கேட்டாரு. தகரம் தர்றேன், ஆனா கமிட்டிக்கு ஒரு பொம்பளை தலைவரா வரணும்னு பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்களே, நீங்க விலகிக்கிறீங்களான்னாரு. தலைவர் ஒத்துக்கிட்டாரு. உங்க சம்சாரத்தையே முன்மொழியிறீங்களான்னாரு. தலைவர், சந்தோஷமா முன்மொழியிறேன்னாரு. அப்புறம் மனசு மாற மாட்டீங்களேன்னாரு. தலைவர் 'ஐ'ன்னு கத்துன கத்துல ஜன்னல் அதிர்ந்துச்சு."

பெண்கள் கூடையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். பாஞ்சாலை விசிலே அடித்தாள். ஒருத்திக்குக்கூட ஆச்சரியமில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

ருக்கு என் பக்கத்தில் வந்து, அவிழ்ந்திருந்த மப்ளரை இழுத்துக் காதை மூடிக் கட்டினாள். பிறகு ஒரு காதை மட்டும் திறந்து கிசுகிசுத்தாள்.

"ஏங்க, இஷ்டமில்லன்னா கையைத் தூக்குங்க. துரை பேசுனது ஒண்ணுமே புரியல, எல்லாம் கரண்டி சொன்னதுதான்னு சொல்லிடுங்க. நாற்காலி உங்களுக்கே வந்துரும்."

"அடிப்பாவி!"

"சளி பிடிக்கும், கத்தாதீங்க."

முன்வரிசையிலிருந்து காளிமுத்து உரக்கச் சொன்னான்: "துரையோட ஊர் பாஷையிலயே பதில் சொன்னாராமில்ல! நம்ம தலைவர் இங்கிலீஷ்னா இங்கிலீஷ்தான்யா!"

தூக்கப் போன கை பாதியில் நின்றது. அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது.

கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"கமிட்டித் தலைவர், ருக்குமணி. முன்மொழிந்தவர், தலைவருடைய வீட்டுக்காரர் மாடசாமி."