ஒரு கேரட்டுக்குக் குறையாத கல்

வைரம் மின்ன வேண்டிய அவசியமில்லை என்று உலகுக்கு உணர்த்திய பெருமை, சூரத் வராச்சா சாலையில் உள்ள எங்கள் பட்டறையையே சேரும். நான் அங்கே தரச்சான்று அதிகாரி. இயற்பியல் பட்டதாரி. கையெழுத்துப் போடுவேன்.

சென்ற வாரம் நூற்றிரண்டு சென்ட் கல் ஒன்று தயாரானது. நூறு சென்ட் ஒரு கேரட். பட்டை தீட்டிய மன்சுக்பாய் அதை வெள்ளைக் காகிதத்தில் வைத்து முதலாளி வால்ஜி சேட்டிடம் நீட்டினார்.

“அடி ரொம்ப ஆழம், சேட். உள்ள போற வெளிச்சம் மேல திரும்பாம அடி வழியா ஓடிருது. நடுவுல இருட்டா கெடக்கு. இன்னும் கொஞ்சம் தீட்டுனா உசுரு வந்துரும்.”

“எவ்வளவு போகும்?”

“ஒம்பது சென்ட்.”

“தொண்ணூத்தி மூணா? வாங்குறவரோட சம்பந்தி எத்தனை கேரட்னு கேப்பாரா, எத்தனை வெளிச்சம்னு கேப்பாரா?”

உடனே ‘ஒளி மேம்பாட்டுக் குழு’ கூடியது. கடலைமாவில் பொரித்த பாப்டாவும் பச்சை மிளகாயும் பரிமாறப்பட்டன. கல்லில் குறையில்லை, அறையில்தான் குறை என்று ஏகமனதாகத் தீர்மானித்து, விற்பனை அறையில் இருபத்துநான்கு விளக்குகள் பொருத்தினோம். கல் ஜொலித்தது. எங்கள் மேலாளரின் வழுக்கையும் ஜொலித்தது.

“பல்பையும் கல்லோட சேத்தே குடுத்துருவோமா, சேட்?” என்றார் மன்சுக்பாய். அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம்.

நேற்று ஹிரல் என்ற பெண் தன் கல்யாண மோதிரத்துக்குக் கல் பார்க்க வந்தாள். சூரத்துப் பெண், விளக்கை நம்பவில்லை. காகிதத்தோடு கல்லை வாசலுக்கு எடுத்துப் போய், தெருவில் நின்று வைரம் விற்கும் தரகர்களைப்போல ஸ்கூட்டர் இருக்கையில் வைத்து, பகல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தாள்.

“ஏன் பாய், இது மின்னவே மாட்டேங்குது?”

“மேகமா இருக்கும்மா,” என்றார் சேட். வானத்தில் மேகமே இல்லை. “இவரு படிச்சவரு. சான்றுல ‘மிகச் சிறப்பு’ன்னு எழுதிக் குடுப்பாரு.” பேனாவை என்னிடம் நீட்டினார்.

இந்தக் கேள்வியில் எனக்கு முன்னனுபவம் உண்டு. என் மனைவி சார்மியும் கேட்டாள். அவள் கல்யாண மோதிரத்தில் இருந்ததும் எங்கள் பட்டறைக் கல்தான். சான்றும் நான் எழுதியதே. வீட்டில் வெளிச்சம் போதாது என்றேன். நம்பினாள். எங்கே போனாலும் ஜன்னலோரம் உட்கார்ந்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். போன வருடம் ஆஸ்பத்திரியிலும் ஜன்னலோரக் கட்டில்தான் கேட்டாள். ஜன்னல் சின்னது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேனாவை வாங்கி மூடினேன்.

“வெளிச்சத்துல ஒரு கொறையும் இல்லம்மா,” என்றேன். “என் கையெழுத்துலதான்.”