எவ்ளோ அக்கா கோட்டு மாட்டிய கச்சேரி

எந்த நடிகைக்கு எவ்வளவு சம்பளம் என்று வருமான வரிக்காரர்கள்கூட அப்படிக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எங்கள் எவ்ளோ அக்கா கவலைப்பட்டார். சோறு இறங்காத அளவுக்குக் கவலைப்பட்டார்.

வாரநாட்களில் அக்காவுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. லீவு நாட்களில் எங்கள் இன்னிசைக் குழுவில் பாட்டு. நான் கீபோர்டு வாசிப்பேன். குழுவின் முதலாளியை நாங்கள் நைனா என்போம். அக்காவின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கலாம். மேடையில் அறிவிப்பாளரே, "அடுத்ததாக, உங்கள் எவ்ளோ அக்கா!" என்றுதான் முழங்குவார்.

டிவியில் ஆணும் பெண்ணுமாக யார் வந்து நின்றாலும் அக்கா கேட்பது ஒரே கேள்வி: "அவனுக்கு எவ்ளோ, அவளுக்கு எவ்ளோ?" பெயர் அப்படி வந்ததுதான். பாட்டுப் போட்டி ஓடும்போது அக்கா காதில் பாட்டே விழாது, கண்ணெல்லாம் தொகுத்து வழங்கும் ஜோடிமேல்தான். "பாருடா தம்பி, இந்தப் பொண்ணுதான் வாய் வலிக்கப் பேசிக்கினு கீது. அவன் சும்மா ஈன்னு இளிச்சிக்கினு நிக்கிறான். டப்பு மட்டும் அவனுக்குத்தான் ஜாஸ்தியா இருக்கும், நீ வேணா பாரு" என்பார்.

ஒருமுறை பொன்னேரியில் எல்லோருமாக சினிமாவுக்குப் போயிருந்தோம். கதாநாயகன் மடியில் கதாநாயகி உயிரை விடுகிறாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து அக்கா குரல் பால்கனி வரைக்கும் கேட்டது. "சாவறது இவ. சம்பளம் அவனுக்கு!"

அழுதவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முன்வரிசை ஆசாமி ஒருவர் மட்டும் கடுப்பாகத் திரும்பினார். "யம்மா, பேஜார் பண்ணாத. படம் பார்க்க உடு." அக்கா அவரையும் விடவில்லை. "உனுக்கு எவ்ளோ சம்பளம்? உன் ஊட்டுக்காரம்மாவுக்கு எவ்ளோ?" இடைவேளைக்கு எழுந்து போன மனுஷன் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திருவள்ளூரில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழா. வாசலில் எங்கள் கச்சேரி. ரிப்பன் வெட்ட சீரியலில் ஜோடியாக நடிக்கும் ஒரு நடிகரும் நடிகையும் வந்தார்கள். ஊரே செல்ஃபிக்கு முண்டியடிக்க, அக்கா முழங்கையால் வழி உண்டாக்கிக்கொண்டு நடிகையிடம் போய்விட்டார். "கண்ணு, தப்பா நெனச்சிக்காத. உனுக்கு எவ்ளோ, அவுருக்கு எவ்ளோ?"

காவலுக்கு வந்த தடியர் கையை ஓங்கினார். அந்தப் பெண் அவரைத் தடுத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே அக்கா காதில் ஏதோ சொன்னாள்.

திரும்பி வந்த அக்கா மைக்கைக்கூடத் தொடவில்லை. "இன்னாக்கா சொன்னாங்க?" என்றேன்.

"அவுருக்குக் குடுத்ததுல பாதியாம்டா. இவ்ளோ கூட்டமும் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பார்க்கத்தான் வந்துக்கீது. அதுக்கே பாதின்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?"

ஏனென்றால் அக்காவுக்கும் பாதிதான். எங்கள் ஆண் பாடகர் சேகர் அண்ணனுக்கு நைனா கொடுப்பதில் சரிபாதி. அன்றிலிருந்து நைனாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. "ஒரே பாட்டத்தான ரெண்டு பேரும் பாடறோம்? எனக்கு மட்டும் ஏன் பாதி?"

நைனாவிடம் வாரம் ஒரு பதில் இருந்தது. ஒரு வாரம், "அவுரு குடும்பஸ்தரும்மா." சேகர் அண்ணனுக்கு ஒரு பிள்ளை, அக்காவுக்கு இரண்டு. அடுத்த வாரம், "அவுருக்குக் கோட்டு செலவு கீதே." அக்காவின் பட்டுப்புடவை என்ன வானத்திலிருந்தா விழுந்தது? எல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில், "ஆம்பளக் குரலுக்கு மார்க்கெட்ல அதாம்மா ரேட்டு. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

அக்கா சண்டை போடவில்லை. "செரி நைனா. இந்த மாசத்தோட நான் பாட்டை உட்டுடறேன்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த மாதக் கடைசியில் ஒரு கம்பெனியின் குடும்ப விழா. காலையில் சேகர் அண்ணன் நன்றாகத்தான் பாடினார். மத்தியானம் பிரியாணிக்குமேல் கப் கப்பாக ஐஸ்கிரீமை உள்ளே தள்ளினார். சாப்பாடு முடிந்து மைக் முன்னால் வாயைத் திறந்தால், சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம் மட்டும் வந்தது. முதல் வரிசையிலிருந்து எம்.டி.யின் மனைவி ஒரு டூயட் கேட்டு அனுப்பியிருந்தார். நைனாவுக்கு வேர்த்து ஊற்றியது.

"ரெண்டு பேரு பாட்டையும் நானே பாடறேன்" என்றார் அக்கா. "ஆம்பளக் குரலுக்கு ஒரு ரேட்டு சொன்னியே, அதையும் எனக்கே குடுத்துடு."

"யம்மா தாயே, ரெண்டு கவரும் உனக்குத்தான். ஏறு மேடைல!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, சுருதிய ஒரு கட்டை ஏத்திக்கோ. கீழ நான் சமாளிச்சிக்கிறேன்." நாற்காலியில் தொங்கிய சேகர் அண்ணனின் கோட்டை எடுத்துப் புடவைமேல் மாட்டினார். ஆண் வரிகளுக்குக் கோட்டோடு வலது மைக். பெண் வரிகளுக்குக் கோட்டை உதறிவிட்டு இடது மைக். சேகர் அண்ணன் வரிகளை மறக்கும்போதெல்லாம் வருஷக்கணக்காகப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர்தானே, ஒரு சொல் பிசகவில்லை. அந்த அடிக்குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது! கம்பெனிப் பெண்கள் நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள். ஒன்ஸ்மோர் கேட்டு எம்.டி.யே எழுந்து நின்றார்.

சாயங்காலம் நைனா சொன்னபடி இரண்டு கவரையும் அக்கா கையில் வைத்தார். சேகர் அண்ணன் ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றார். அக்கா இரண்டையும் பிரித்து, பணத்தை ஒன்றாகச் சேர்த்து, எங்கள் எல்லோர் முன்னாலும் சமமாக இரண்டு பங்கு வைத்தார். ஒரு பங்கை அண்ணன் சட்டைப்பையில் திணித்தார்.

"காலைல நீயும் பாடனல்ல, வச்சிக்கோண்ணா."

வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்குக் குரலும் இல்லை. கண்தான் கலங்கியது. அக்கா நைனாவைப் பார்த்தார்.

"பார்த்துக்கினியா? இதான் கணக்கு. அடுத்த கச்சேரிலேந்து நீயே இப்டிப் பிரிச்சிக் குடு. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

நைனா அக்காவை உற்றுப் பார்த்தார். அப்புறம் சேகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேகவேகமாகத் தலையாட்டினார். "அப்டியே ஆவட்டும்மா. நீ மட்டும் பாட்டை உட்டுடாத" என்றார் நைனா.

திரும்பும் வழியில் வேன் கும்மிடிப்பூண்டியைத் தாண்டுவதற்குள் அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். ஆரன் அடிக்காமல் ஓட்டப்பா என்று டிரைவரிடம் சொன்னேன். மற்றவர்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.