துக்கம் கேட்கப் போன இடத்தில் குறட்டை

தூக்கம் என்பது ஒரு கெட்ட பழக்கம், மனம் வைத்தால் விட்டுவிடலாம் என்ற மகத்தான யோசனை எனக்குப் பாண்டி பஜார் பேருந்து நிறுத்தத்தில் உதித்தது. நின்றபடியே தூங்கி, முன்னால் நின்ற அம்மாளின் கொண்டைப் பூவில் மூக்கை இடித்த நிமிஷம் அது. (அந்த அம்மாள் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.)

இத்தனைக்கும் ராத்திரி நான் குறைவில்லாமல் தூங்குகிறவன். ஆனால் விடிந்தால் மூட்டை சுமந்தவன் மாதிரி அசதி. தி.நகரில் புதிதாகச் சேர்ந்த ஆபீசில் ஃபைலைப் பிரித்தால், சற்று நேரத்தில் முகம் ஃபைல்மேல் இருக்கும்.

"இன்னா நைனா, நைட்ல கூர்க்கா வேலைக்குப் போய்க்கினு கீறியா?" என்பார் டீக்காரர்.

கேலி செய்யாதவர் ஹெட்கிளார்க் ராமநாதன் சார் மட்டும்தான். அவரும் பக்கத்து மேஜையில் தூங்கிக்கொண்டிருப்பார். ஆபீசில் அவருக்குப் 'பெரிய தலையணை' என்று பெயர். எனக்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூக்கத்தின்மீது போர் தொடுத்தேன். கழுத்தில் ஈரத்துண்டு, மதியச் சாப்பாடு ரத்து, காபிமேல் காபி, கடைசியில் சட்டைப் பையில் பச்சைமிளகாய். கண் சொக்கினால் ஒரு கடி. சாரிடமும் ஒன்றை நீட்டினேன்.

"வேண்டாம்ப்பா. எனக்கு இது கூடவே பொறந்த சோம்பல்" என்று சிரித்தார்.

ஒருநாள் சார் வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். மத்தியான வேளை. கூடத்தில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருக்க, ஒரு சாய்வு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. (அது ஏன் காலியாக இருக்கிறது என்று யோசிக்கும் அளவுக்கு நான் விழித்திருக்கவில்லை.) உட்கார்ந்தேன். சொக்கியது. மிளகாயைக் கடித்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

"பாவம், அத்திம்பேர்மேல எத்தனை பிரியம் பாரு" என்று சாரின் மைத்துனர் யாரிடமோ சொன்னார். அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை.

கண் திறந்தபோது மைத்துனர் என்னை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"எழுந்துருங்கோ சார்! துக்கம் கேக்க வந்த எடத்துல இப்படியா குறட்டை விடறது? அவரோட நாற்காலி அது! சத்தம் கேட்டு அக்கா சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்துட்டா."

சாரின் மனைவி, மாமி, நாற்காலியை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அவனைத் திட்டாதேடா. எழுப்பாதேன்னு நான்தானே சொன்னேன். அதே சத்தம்டா. இன்னும் கொஞ்ச நாழி கேட்டுண்டு இருக்கலாம்னு..."

முடிக்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். நானும் அழுதேன், இந்த முறை நிஜமாகவே.

பிறகு மாமி என்னிடம், "உனக்கு நடுநடுவுல மூச்சு நின்னு நின்னு வரதுப்பா. அவருக்கும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டேன். அசதின்னா காப்பி போட்டுக் குடுத்தேன். டாக்டர்ட்ட சொல்லணும்னு தோணவே இல்லை. நீ நாளைக்கே போகணும்" என்றார்.

போனேன். அடையாறு டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குது. மூச்சு முட்டி முட்டி, உங்களுக்கே தெரியாம ராத்திரி பூரா முழிச்சுக்கிறீங்க. அப்புறம் பகல்ல தூக்கம் வராம என்ன செய்யும்? இது சோம்பல் இல்ல சார், வியாதி."

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பக்கத்து மேஜையில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருஷமாகிறது. எங்காவது துக்கம் கேட்கக் கிளம்பினால், "உன்னைக் கூட்டிண்டு போனா பாயும் எடுத்துண்டு போகணுமே" என்று தங்கை இன்னும் மானத்தை வாங்குகிறாள். உடம்பைக் குறைத்ததில் அசதி பாதி போயிற்று. மீதிக்கு, மல்லாந்து படுக்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இதைக் கேட்ட மாமி, என் பனியனின் முதுகில் ஒரு பை தைத்து, அதற்குள் ரப்பர் பந்து வைத்துக் கொடுத்திருக்கிறார். புரண்டால் குத்தும்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. அப்படியே கூடத்துல படுத்துத் தூங்கு. நான் பக்கத்துல உட்கார்ந்து கேக்கறேன். சத்தமே வரப்படாது, தெரிஞ்சுதா?" என்று சொல்லியிருக்கிறார்.

பனியனைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.