மச்சான் மானத்தை நான் காப்பாற்றிய ஞாயிறு

பி.ஏ. முடித்து வேலையில்லாமல் இருப்பவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். (என்னை யாரும் கேட்கவும் இல்லை. நானாகத்தான் சொன்னேன்.)

அக்கா வீட்டுக்காரர் அந்தோணி மச்சான் ஒத்தக்கடையில் தையல் கடை வைத்திருந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோயில் பாடகர் குழுப் பெண்களுக்கு வாடாமல்லி நிறத்தில் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தார். பண்டிகையன்று அவர் மகளும் அதே நிறத்தில் கவுன் போட்டு வந்தாள். குழுத் துணியில் மச்சான் கை வைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. அது தனியாகக் காசு கொடுத்து வாங்கிய துணி. அவர் சத்தியம் செய்தும் எடுபடவில்லை. தைக்கக் கொடுத்திருந்த குழுக்காரர்கள் நாலைந்து பேர் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அக்கா கோயிலுக்கே வர மறுத்தாள்.

"விடு மாப்ள, நாலு நாள் பேசுவாக, அப்புறம் அவுகளே மறந்துருவாக" என்றார் மச்சான்.

நான் விடுவேனா? கடை மூலையில் ஒரு சாக்கு நிறைய வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடந்தன. எல்லாத் தையல்காரரிடமும் கிடப்பதுதான். யாரும் கேட்பதில்லை, இவர்களும் கொடுப்பதில்லை. பில் புத்தகத்தில் மாதிரிக்குக் குத்தி வைத்திருந்த துணித் துணுக்குகளோடு ஒப்பிட்டு, ஆளுக்கொரு பொட்டலமாகப் பேர் எழுதிக் கட்டினேன். மச்சான் தயங்கினார். படித்தவன் சொல்கிறானே என்று கூட வந்தார். பூசை முடிந்ததும் அவரைக் கோயில் வாசலில் நிறுத்தி, "அடுத்தவங்க துணியில ஒரு நூல்கூட எங்களுக்கு வேண்டாம்" என்று முழங்கிப் பொட்டலங்களை விநியோகித்தேன்.

கணக்கு வாத்தியாரின் மனைவி தன் பொட்டலத்தைப் பிரித்து, துண்டுகளை மதில்மேல் பரப்பிச் சேர்த்துப் பார்த்தார்.

"இம்புட்டு மிஞ்சுமா? பேத்திக்கு ஒரு சட்டையே தைக்கலாம் போலயே" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்: "பன்னெண்டு வருசமா ஒங்ககிட்டதான் தைக்கிறோம், அந்தோணி. முன்னாடி மிஞ்சுனதெல்லாம் எங்க?"

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். "மிசின் தொடைக்கிறதுக்கு..." என்று ஆரம்பித்தார் மச்சான். அதுவரை பாடகர் குழு மட்டும்தான் அவரைச் சந்தேகப்பட்டது. கால் மணி நேரத்தில் கோயிலுக்கு வரும் பங்கு மக்கள் அத்தனை பேரையும் சந்தேகப்பட வைத்த பெருமை எனக்கே.

பங்குனிக்குள் கடையை மூடிவிட்டு, மதுரையில் இன்னொருவர் கடையில் கூலிக்குத் தைக்கப் போனார். சொந்தக் கடை அவர் மறுபடி வைக்கவே இல்லை. இதை எத்தனை வேடிக்கையாகச் சொன்னாலும் இந்த இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யாருக்காவது கெட்ட பேர் வந்தால், "மாப்ள காதுக்குப் போயிராம பாத்துக்கங்க, காப்பாத்த வந்துருவான்" என்பார்கள். வீடே சிரிக்கும். அதை முதலில் சொன்னவர் மச்சான்தான், என் கல்யாணப் பந்தியில், என் தோளில் கை போட்டுக்கொண்டு. அதற்குப் பதில் அவர் என்னை ஒரு தடவை திட்டியிருக்கலாம்.