நீலக் கதவு, ஆரஞ்சு சுவிட்ச், தங்கள் மகள்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாளின் கோபமும் இந்நேரம் கொஞ்சம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் மகளைப் பற்றி ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. மருமகளைப் பற்றி மாமனார் கடிதம் போட்டால் பெற்றவர் முதலில் கடைசி வரியைத்தான் தேடுவார் என்பது தெரியும். பயப்பட வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

விஷயம், வீட்டுக்கு வண்ணம் பூசியது. மழையில் கூடத்துச் சுவர் ஊறி உப்பிப்போகவே, ஏணி என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டைப் பெயின்டரை வரச்சொன்னேன். நான் எடை, அளவு சோதிக்கும் அலுவலகத்தில் காலத்தைக் கழித்தவன். எதுவும் ஒரே மாதிரி இருந்தால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். அதனால் எங்கள் வீட்டில் சுவர் கிரீம், கதவு கிரீம், சுவிட்சுப் பலகை கிரீம், மாடிப்படி கிரீம். எங்கே உரிந்தாலும் அதே டப்பாவிலிருந்து தொட்டு வைத்துவிடலாம் என்பது என் கொள்கை. தங்கள் மகள் வந்து, "மாமா, இந்தத் தடவை கலரை நான் எடுக்கட்டுமா?" என்றாள். "தாராளமா எடும்மா" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். மிஞ்சிப்போனால் கொஞ்சம் வெளிறின கிரீம் எடுப்பாள், அல்லது கொஞ்சம் அழுத்தமான கிரீம், அதற்கு மேல் உலகத்தில் என்ன நிறம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அவள் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில், பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகிற மாதிரி புதுப் பல்லுக்கு நிறம் பார்த்துச் சொல்கிறவள் என்பதை நான் மறந்துபோனேன். அந்தக் கண்ணால் என் சுவரைப் பார்த்தாள். "இது கிரீம் இல்லை மாமா. நாள் முழுக்க டீ குடிக்கிறவங்களோட கடைவாய்ப்பல்" என்றாள். அதற்கப்புறம் அந்தச் சுவரில் முதுகைச் சாய்க்கவே எனக்குக் கூச்சமாகிவிட்டது, யாரோ வாயைத் திறந்துகொண்டு பின்னால் நிற்பது போல.

சின்னச் சின்ன டப்பாக்களாக வாங்கி வந்து கூடம் முழுக்கத் திட்டுத் திட்டாகப் பூசிப் பார்த்தாள். வீட்டுத் தலைவன் நான் ஒருவன் இடுப்பில் கைவைத்து நிற்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, "அத்தை, இதுல எது முதல்ல கண்ணுல படுது?" என்று கேட்பாள். அத்தையும் இருப்பதிலேயே கண்ணைக் குத்துகிற ஒன்றைக் காட்டி, "இது அமைதியா இருக்கு" என்பாள். நான் அதிர்ந்துபோய் என் மகனைப் பார்த்தால், தங்கள் மாப்பிள்ளை வழக்கம்போல் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணி மட்டும் என் காதருகில் குனிந்து, "சார், யோசிச்சுக்கங்க, காஞ்சா இன்னும் தூக்கலாத் தெரியும்" என்றான்.

காய்ந்தது. சுவர் வெளிர் மஞ்சள். கதவும் நிலையும் கருநீலம். சுவிட்சுகளைச் சுற்றி ஆரஞ்சுக் கட்டம். மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் பட்டையாகக் கறுப்பு. குளியலறைக் கைப்பிடி ரத்தச் சிவப்பு. போதாததற்கு வெள்ளைக் கோப்பைகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டு, அவற்றின் இடத்தில் நீலக் கோப்பைகள். மின்கணக்கு எடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "குழந்தைங்களை எந்த வயசுல இருந்து சேர்த்துக்கறீங்க?" என்று கேட்டார். ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன், தலைவர் பேசும்போது பின்வரிசை முழுக்கச் சிரிப்பு. தலைவர் நகைச்சுவையாகப் பேசுகிறவர் அல்ல. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் முதுகில், கடைசியாகப் பூசிக் காயாமல் இருந்த ஆரஞ்சுக் கட்டம் சுவிட்சோடு அச்சாகியிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. "ஏம்மா, இது வீடா, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள்.

"மாமா, அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியலை. ரொம்ப நாளாவே."

"யார் சொன்னது? நல்லாத்தானே நடமாடறா."

"சுவரைத் தடவிக்கிட்டே நடக்கறாங்க மாமா. கேட்டா, ஈரம் இருக்கான்னு பார்க்கறேன்னு சொல்றாங்க."

சம்பந்தி, அந்தப் பதிலை நானும் கேட்டிருக்கிறேன். கேட்டு, என் சுவர்மேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன். பால் ஊற்றினால் கோப்பை வழிந்து மேசையில் ஓடும். கவனம் போதாது என்று நினைத்துக்கொண்டு துணியை எடுத்து நீட்டுவேன். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைப் பால் எதுவரைக்கும் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கிரீம் சுவரில் கிரீம் கதவு எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை.

"கண்ணுல கத்தி வைப்பாங்கன்னு பயப்படறாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றாள். "சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். அதான் பெயின்ட் அடிச்சேன். இப்ப நீங்க கத்தலேன்னா உங்ககிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

அதற்கப்புறம் நான் செய்த ஒரே வேலை, ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. என் மனைவி இப்போது கையை வீசி நடக்கிறாள். நீலக் கதவைப் பார்த்து நேராகப் போய்த் திறக்கிறாள். படியில் இறங்கும்போது பாட்டு முணுமுணுக்கிறாள், அதை நான் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. போன வாரம் நீலக் கோப்பையில் விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே பாலை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கள் மகளிடம், "இவ்வளவும் எனக்காகத்தானே பண்ணினே?" என்றாள்.

"உங்களுக்குப் பிடிச்ச கலரைத்தானே அத்தை அடிச்சேன்."

"போதும், நடிக்காதே. டாக்டர்கிட்ட நாள் கேளு. நீ கூட வரணும். இவர் வந்தா என்னைவிட அதிகமா நடுங்குவார்."

நான் அடுக்களைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நடுங்கவும் செய்தேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

சம்பந்தி, பெண் பார்க்க வந்தபோது அவளுக்கு என்னென்ன தெரியும் என்று தங்களைக் கேட்டோம். தாங்களும் என்னென்னவோ சொன்னீர்கள். இதை மட்டும் சொல்லவில்லை. ஒருத்தரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே அவர் கண்ணையும் காப்பாற்றத் தெரிந்த பெண் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று சம்மதம் சொல்லியிருப்பேன். இந்த ஆரஞ்சு இப்போது எனக்குப் பழகிவிட்டது. பழகியது என்ன, பிடித்தே போய்விட்டது. நான் இருக்கும்வரை இந்த வீட்டில் ஒரு சுவரையும் மாற்ற விடமாட்டேன்.

தங்களுக்கும் சம்பந்தி அம்மாளுக்கும் எங்கள் அன்பான நமஸ்காரம். இப்படியொரு மகளை வளர்த்த கைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமனார் என்று சொல்லிக்கொள்வதில் நெஞ்சு நிமிரும்
சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துத் தபாலில் சேர்க்க மறந்துவிட்டேன், அதற்குள் ஆபரேஷன் வந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து இன்று காலை என் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். வாசலிலேயே நின்று, கதவிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "யாரு இந்தக் கண்றாவியை எல்லாம் பூசினது?" என்றாள். "நீங்கதான் அத்தை எடுத்துக் கொடுத்தீங்க" என்றாள் தங்கள் மகள். "அப்ப எனக்கு இதெல்லாம் மங்கலா, சாந்தமாத் தெரிஞ்சுதுடி. இப்படிக் கூச்சல் போடும்னு யாருக்குத் தெரியும்? முதல்ல ஏணியை வரச்சொல்லு, எல்லாத்தையும் மாத்தணும்." ஒரு சுவரைக்கூடத் தொடக்கூடாது என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பி, பக்கத்தில் வந்து, ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நீங்க எப்ப இவ்வளவு நரைச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு மாமியாரும் மருமகளும் ஏதோ குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். மாமியார் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ள, இருவரும் கை கோத்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். சாயம் வாங்கி வருகிறோம் என்றார்கள். சுவருக்கா, என் தலைக்கா என்று சொல்லவில்லை.