குல்பாஷ் திட்டிய திட்டு

குல்பாஷ் ரொட்டிக்குக் கை நீட்டியதும் கடைக்காரி சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

"எடுத்துக்கங்கக்கா. சூடு போதலைன்னா திட்டிடாதீங்க. இப்பத்தான் அடுப்புலேருந்து எடுத்தேன், சத்தியமா!"

"நான் ஏம்மா திட்டப்போறேன்?"

"அதான் டிவில பாத்தோமே!"

குல்பாஷ் குழந்தைகள் காப்பகத்தில் கஞ்சி காய்ச்சுகிறவள். அடுப்படிக்கு வரும் பூனையைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவாள். தால்டிகோர்கன் ஊரில் அவள் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை, போன வாரம் வரைக்கும்.

வினை மூத்த மருமகள் தோக்ஜானின் ஆசையில் வந்தது. டிவியில் ஒருமுறை முகம் காட்ட வேண்டும் என்று மாமியாரை 'அடுப்படி ராஜ்யம்' நிகழ்ச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தொப்பிக்கார டைரக்டர் காலையிலிருந்து கேமராவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"என்னம்மா இது, மாத்தி மாத்திக் கொஞ்சிக்கறீங்க? இதை யாரு பாப்பாங்க? உங்க மாமியாராவது உங்களைத் திட்டியிருப்பாங்கல்ல? அதைச் சொல்லுங்க."

குல்பாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, செத்துப்போன மாமியாரின் குரலிலேயே சொன்னாள்: "சோம்பேறிக் கழுதை! திங்கறதைத் தவிர உங்கம்மா உனக்கு வேற எதுவும் சொல்லிக் குடுக்கலையா? உனக்குப் பதிலா என் மகன் ஒரு பெண்குதிரையக் கட்டியிருந்தா பாலாவது கிடைச்சிருக்கும்!"

ஒளிபரப்பில் மாமியார் கதை முழுக்கக் காணாமல் போய், திட்டு மட்டும் இருந்தது. அடுத்த காட்சியில் தோக்ஜான் கண்ணீர் விட்டாள். அவள் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தையும் காணோம்.

ஊர் என்ன பேசினாலும் குல்பாஷ் பொறுத்துக்கொள்வாள். சின்னவன் மெய்ராமின் கல்யாணம் நின்றுபோனால்தான் அவளால் தாங்க முடியாது. மாமியார் தன் கையால் பெண்ணுக்குத் தோடு போட்டால்தான் நிச்சயம். வெள்ளித் தோடு பீரோவில் காத்திருக்கிறது. இந்தக் கையை நம்பி இனி எவள் காதை நீட்டுவாள்?

"ஒண்ணும் ஆகாதும்மா," என்ற மெய்ராம் அதற்குள் காதலி கூப்பிட, போனை எடுத்துவிட்டான். "சரி சாமல். இதோ சாமல். என் தப்புதான் சாமல்."

பையனுக்கு அந்தப் பெண்மேல் எத்தனை பாசம் என்று குல்பாஷ் நினைத்துக்கொண்டாள்.

டைரக்டருக்குப் போன் போட்டாள். "அதுக்கென்னம்மா, இன்னொரு தடவை வாங்க. உங்க தரப்பைச் சொல்லிடலாம்," என்று தேன் ஒழுகப் பேசினான். போனாள். கூடப் போன தோக்ஜான் வழக்கம்போல் கோப்பையின் அடியில் கொஞ்சமாக டீ ஊற்றினாள்.

"திரையில தெரியலைங்க. தளும்ப ஊத்துங்க," என்றான் டைரக்டர்.

"ஐயோ தம்பி, தளும்ப ஊத்தினா 'குடிச்சிட்டுக் கிளம்பு'ன்னு அர்த்தமாச்சே!"

"சும்மா கேமராவுக்குத்தானே?"

தோக்ஜான் ஊற்றினாள். குல்பாஷ் வாய்விட்டுச் சிரித்தாள். "என்னடி, என் வீட்டைவிட்டு என்னையே துரத்தறியா?"

ஒளிபரப்பில் சிரிப்பு வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் முரசு முழங்கியது.

"அழாதீங்கத்தே, நான் பாத்துக்கறேன்," என்று தோக்ஜான் தானே ஒரு வீடியோவில் பேசினாள். "எங்க அத்தை தங்கம். ஒரு நாள்கூட என்னைத் திட்டினதில்ல!" போனைப் பிடித்திருந்த குல்பாஷுக்கு அழுகை பொங்கிக் கை நடுங்கியது.

கீழே ஊரே கருத்துச் சொன்னது. 'பாவம், மிரட்டிப் பேச வைக்கிறாங்க.' 'கேமரா எப்படி ஆடுது பாருங்க, கிழவிக்கு எவ்வளவு கோபம்!'

மறுநாளே சாமலின் அம்மா கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை வர்றோம். உங்களை நேர்ல பாக்கணும்."

பார்த்து, முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார்கள் என்று குல்பாஷ் முடிவே கட்டிவிட்டாள்.

ஞாயிறன்று சாமலும் அவள் பெற்றோரும் வந்தார்கள். கூடவே அவள் சித்தப்பா தொக்தார். அவர் வந்ததும் பௌர்சாக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பொரித்த மாவுருண்டைகளைத் தின்பதில் இறங்கிவிட்டார். சாமல் குனிந்த தலை நிமிரவில்லை. குல்பாஷ் சம்பந்திக்குத் தானே டீ ஊற்றினாள். கை உதறிய உதறலில் கோப்பை விளிம்புவரை நிறைந்து தளும்பியது.

சம்பந்தி கோப்பையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

குல்பாஷ் உடைந்துபோனாள். "கை தவறிடுச்சுங்க! நான் யாரையும் திட்டினவ இல்ல. டிவிக்காரங்க வெட்டி ஒட்டிட்டாங்க!" மேசையிலிருந்த ரொட்டிமேல் கைவைத்துச் சத்தியம் செய்தாள். "உங்க பொண்ணைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கறேன். ஒரு சொல் சொல்லமாட்டேன்."

ஏனோ சம்பந்தியம்மாவின் முகம் வாடியது. ஆனாலும், "தோடு எங்கே? சீக்கிரம் போடுங்க," என்று மகளின் தலையைத் தானே திருப்பிக் காட்டினாள்.

குல்பாஷுக்குக் கண்ணை மறைத்தது சந்தோஷக் கண்ணீர். தோட்டின் கொக்கி காதில் நுழையாமல் தடுமாறியது.

சாமல் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "கண்ணு அவிஞ்சு போச்சா? ஒரு தோடு மாட்டத் துப்பில்ல, இதுல டிவி ஒரு கேடு! தள்ளுங்க!"

சாமலின் வீட்டார் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குல்பாஷின் வாயையே ஆவலோடு பார்த்தார்கள்.

"மன்னிச்சுக்கோ கண்ணு," என்றாள் குல்பாஷ்.

சம்பந்தியம்மா கலங்கிப்போய்ச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு அவள் காதோரம் குனிந்தார்.

"பயப்படாதீங்க அண்ணி, வெளியாளுங்க முன்னாடி இப்படித்தான் பம்முவாங்க, நம்ம எல்லாரையும் அழ வச்சவளுக்கு இவங்கதான் சரியான ஆளுன்னு டிவில பாத்துட்டுத்தானே தேடி வந்தோம்!"